குரங்கணி – டாப் ஸ்டேஷன் பழைய பாதை: அப்பத்தா ஏறிய வழியில் அப்பாவோடு நடக்க வேண்டும்

மாடப்புறா:

வணக்கம். இங்கே இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பத்தா 1940-களில், எஸ்டேட்டுக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு போடிப் பக்கமிருந்து மலையேறி மூணாறு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவர். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் மூட்டை. அந்தக் குழந்தைதான் எங்கள் பெரியப்பா. "விடியுமுன்னே கொட்டக்குடியில காலெடுத்து வெச்சோம், மேல போய்ச் சேரும்போது விளக்கு வெச்சுட்டாங்க" என்று அப்பத்தா சொன்னதை அப்பா இன்னும் அப்படியே சொல்வார். அப்பா பிறந்தது மேலே, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில். பத்து வயதில் பஸ்ஸில் கீழே வந்துவிட்டார். தன் அம்மா ஏறிய பாதையில் அவர் ஒருநாளும் நடந்ததில்லை.

அப்பாவுக்கு இப்போது 66. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். சர்க்கரை உண்டு, கட்டுக்குள் இருக்கிறது. இறங்கும்போது வலது முழங்கால் கொஞ்சம் வலிக்கும். எனக்கு மார்ச் இரண்டாவது வாரம் லீவு. போடிப் பக்கத்து அடிவாரமான குரங்கணியில் தொடங்கி, மூணாறு பக்கம் மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை ஏறலாம் என்று இருக்கிறோம். அவரால் முடியுமா? அந்தச் சமயம் வழியில் பூ இருக்குமா? அப்பாவுக்குக் குறிஞ்சி பார்க்க ஆசை. காட்டுமாடு, யானை பற்றிக் கேட்டாலே அம்மாவுக்குப் பயம், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

மழைக்கால்:

மார்ச் நல்ல நேரம்தான். மழை இருக்காது, அட்டை இருக்காது, மேலிருந்து போடி வரைக்கும் தெளிவாகத் தெரியும். நான் 2017-இல் பிப்ரவரிக் கடைசியில் போனேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன், பாதை நடுவில் வரும் சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டிவிடலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் நடக்கிறவர் என்றால் அப்பாவால் முடியும்.

கொட்டக்குடியான்:

தங்கச்சி, மார்ச்சில் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தமிழ்நாட்டு மலைகளில் மலையேற்றத்துக்கு வனத்துறை தடை போடுகிறது. காட்டுத்தீக் காலம் அது. நீங்கள் சொல்லும் மார்ச் இரண்டாவது வாரம் எங்கள் ஊருக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பாதிப்பேருக்கு மேல் இளம் வயதுக்காரர்கள். அன்று ராத்திரி மலையில் நெருப்பு ஒரு கோடு போட்டதுபோல் தெரிந்ததை ஊரில் நின்று பார்த்தவன் நான். தோளில் கம்பும் போர்வையும் கட்டி ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு 2018-லேயே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்தார்கள். அனுமதி இல்லாமல் ஏறுவது குற்றம். ஆகவே எந்த மாதம் போனாலும் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போங்கள். லீவை மாற்ற முடியுமா பாருங்கள்.

மழைக்கால்:

விதி இருப்பது சரி அண்ணே. நான் போனது அந்த விதிக்கு முன்னால். ஆனால் அதிகாலையில் ஏறி மதியத்துக்குள் முடித்துவிட்டால் ஆபத்து எங்கே வருகிறது? நாங்கள் போனபோது புல் காய்ந்திருந்தது உண்மை. ஒன்றும் ஆகவில்லையே. நல்ல வானம் இருக்கும் இரண்டு மாதத்தை மொத்தமாக மூடிவிடுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

சோலைமந்தி:

மழைக்கால், அந்தச் சரிவுகளில் நிற்பது பெரும்பாலும் போதைப்புல். ஆள் உயரம் வளரும், எண்ணெய்ச் சத்து உள்ள புல். ஜனவரிக்குப் பிறகு மழை இல்லையென்றால் தாளில் மண்ணெண்ணெய் தெளித்ததுபோல்தான் அது. சமதளத்தில் தீ போகும் வேகம் வேறு, சரிவில் போகும் வேகம் வேறு. மேட்டுப் பக்கத்துப் புல் தீ நாக்குக்கு அருகிலேயே சாய்ந்து நிற்பதால் தீ வருமுன்பே அது சூடாகிக் காய்ந்துவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத்தான் வீசும். கீழே புகையைப் பார்த்தால் மனிதன் இயல்பாகவே மேலே ஓடுவான். தீயும் அங்கேதான் வரும், அவனைவிட வேகமாக.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்குக் காரணம் அன்று யாரும் தீ வைக்கவில்லை என்பது மட்டுமே. காலையில் ஏறியதால் அல்ல.

மழைக்கால்:

இரண்டு முறை படித்தேன். நான் சொன்னதை விட்டுவிடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அன்று நாங்கள் ஒரு குழுவுக்குப் பணம் கட்டிச் சேர்ந்து போனோம், முப்பது பேர் இருப்போம். அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று நான் கேட்கவே இல்லை. கூட வந்தவர்களுக்கும் பாதை தெரியாது. இரண்டு இடத்தில் வழி தவறி, காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அம்மாதான் கையைக் காட்டி அனுப்பினார். கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மாடப்புறா, மார்ச் வேண்டாம்.

நெடுவழி:

உங்கள் அப்பத்தா ஏறிய பாதை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழெட்டு வருடமாக இந்தப் பாதையின் பின்னால் அலைகிறேன்.

டாப், சென்ட்ரல், பாட்டம் என்ற பெயர்களைப் பார்த்துவிட்டுப் பலர் "மலையில் மூன்று ரயில் நிலையமா" என்று கேட்பார்கள். இவை ரோப்வேயின் நிலையங்கள். ரயில் மேலே மட்டும்தான் ஓடியது. 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்தி நிறுவனம் தொடங்கியபோது அந்த மலைக்கு நல்ல சாலை கிடையாது. போடிப் பக்கத்து ஏற்றம்தான் முக்கிய வழி. 1902-இல் மூணாறு பக்கத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். தரையில் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் பாரத்தைச் சின்னச் சக்கரங்கள் அதன்மேல் தாங்கும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தது மாடு! 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சிறு ரயில் பாதை ஆக்கினார்கள். மூணாறிலிருந்தும் மாட்டுப்பெட்டியிலிருந்தும் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டக்குடிக்கு இறங்கும். அப்புறம் போடி, கடைசியில் தூத்துக்குடி துறைமுகம், கப்பல்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள். "போடியில் ரயிலில் ஏற்றினார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். மதுரை–போடி ரயில் பாதை வந்ததே 1928-இல். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1924 ஜூலை வெள்ளத்தில் மேலே இருந்த குண்டளை ரயில் மொத்தமாக அடித்துப் போய்விட்டது. மலையாளிகள் 1099 என்ற கொல்லம் ஆண்டை வைத்து "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று இன்றும் சொல்லும் அதே வெள்ளம். ஆக அந்த மலை ரயிலும் போடி ரயிலும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ரயில் ஓடிய நாளில் போடியிலிருந்து தேயிலையை மாட்டுவண்டிதான் சுமந்தது.

பெட்டிகள் கம்பியில் இறங்கின. மனிதர்கள் நடந்துதான் ஏறினார்கள். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துச் சனங்கள் கங்காணிகளோடு போன வழி இது. ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. உங்கள் அப்பத்தா சொன்ன மாதிரி இன்னும் இரண்டு வாக்கியம் ஞாபகம் இருந்தாலும் அப்பாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு அது தண்டவாளத் துண்டைவிடப் பெரிய பொருள்.

மாடப்புறா:

எல்லோருக்கும் நன்றி. மார்ச் 11 செய்தி அன்று நான் கல்லூரி விடுதியில் இருந்தேன், டிவியில் பார்த்தேன். அந்த இடமும் அப்பத்தாவின் பாதையும் ஒரே மலை என்று இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை. லீவை மாற்றக் கேட்டிருக்கிறேன்.

நெடுவழி அண்ணா, அப்பாவிடம் கேட்டேன். இன்னொன்று சொன்னார். ஏறும்போது ஒரு இடத்தில் எல்லோரும் சுமையை இறக்கி வைத்து, கீழே ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே நடப்பார்களாம். "அதுக்கப்புறம் ஊரு தெரியாது" என்பாராம் அப்பத்தா.

அப்படியானால் எந்த மாதம்? பூ?

சோலைமந்தி:

முதலில் குறிஞ்சி. அப்பாவை ஏமாற்ற வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். 1982, 1994, 2006, 2018. அடுத்தது 2030. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஒரு சரிவிலுள்ள செடி எல்லாம் சேர்ந்தே பூத்து, விதை விட்டு, சேர்ந்தே செத்துப்போகும். அடுத்த மழையில் விதை முளைத்து, பதினொரு வருடம் வெறும் பச்சைப் புதராக நிற்கும். இப்போது நீங்கள் போனால் காலடியில் நிற்பது அந்தப் புதர்தான். மேலே புல்வெளிச் சரிவில் முழங்கால் உயரத்தில், எதிரெதிராகச் சொரசொரப்பான இலையோடு. யாரும் திரும்பிப் பார்க்காத செடி. அதைப் பார்ப்பதும் குறிஞ்சியைப் பார்ப்பதுதான் என்பது என் கட்சி. சங்கப் பாட்டிலேயே குறிஞ்சியின் கரிய தண்டைச் சொல்லிவிட்டுத்தான் அதன் பூவையும் தேனையும் சொல்கிறார்கள். தண்டை உற்றுப் பார்த்தவர் எழுதிய பாட்டு அது.

ஏன் எல்லாம் ஒன்றாகப் பூக்க வேண்டும்? வருடா வருடம் கொஞ்சம் விதை விட்டால் பூச்சியும் பறவையும் தின்று தீர்த்துவிடும். பன்னிரண்டு வருடம் ஒன்றும் கொடுக்காமல் இருந்துவிட்டு ஒரே சமயத்தில் மலை முழுக்க விதையைக் கொட்டினால், தின்ன முடிந்தது போக மிச்சம் ஏராளம் இருக்கும். அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறை. அதனால்தான் பூக்கிற வருடத்தில் ஒரு கொத்தைப் பறித்துப் போவதுகூட எனக்குப் பொறுக்காது. இந்தச் செடிக்கு இன்னொரு வருடம் கிடையாது.

குறிஞ்சியின் சாதியில் பல இனம் உண்டு. சில வருடந்தோறும் பூக்கும், சில ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆகவே யாராவது இடைப்பட்ட வருடத்தில் "குறிஞ்சி பூத்திருக்கிறது" என்று படம் போட்டால் உடனே பொய் என்று சண்டைக்குப் போக வேண்டாம், எந்தக் குறிஞ்சி என்று கேளுங்கள்.

மற்றபடி இந்தப் பாதையில் பூ இல்லாத மாதமே இல்லை. அடிவாரத்தில் மாந்தோப்புகள், ஜனவரியில் மாம்பூ வாசத்தோடுதான் நடக்கத் தொடங்குவீர்கள். அதே சமயம் முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் சிவப்புப் பூவைத் தூக்கி நிற்கும். மைனாவும் கரிச்சானும் அதில் தேன் குடிக்க அடித்துக்கொள்ளும். மேலே, சோலையும் புல்வெளியும் சேரும் விளிம்பில் காட்டுப்பூவரசு. முறுக்கிய தண்டு, கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்புப் பூ. ஜனவரியில் ஆரம்பிக்கும். காப்பிப் பூவை நீங்கள் தவறவிடுவீர்கள், அது கோடையின் முதல் மழைக்கு ஒன்பது பத்து நாள் கழித்து ஒரே இரவில் வெளுக்கும். மழை மாதங்களில் ஈரப் பாறையில் காட்டுக் காசித்தும்பை. ஐப்பசி, கார்த்திகையில் அடிவார வேலியில் செங்காந்தள்.

என் யோசனை: தை மாதம். பொங்கல் கழித்து, பிப்ரவரி பத்துக்குள். வடகிழக்கு மழை முடிந்து ஓடையில் தண்ணீர் இருக்கும், புல்லில் இன்னும் பசுமை மிச்சம் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும்.

ஏலத்தோட்டம்:

தை மாதம் என்பதை நானும் சொல்கிறேன். ஒரே ஒரு திருத்தம். விடியற்காலைக் குளிரை யாரும் இங்கே சொல்லவில்லை. கீழே போடியில் இருக்கும் குளிரை வைத்து மேலே கணக்குப் போடாதீர்கள். அப்பாவுக்குக் காதை மூடும் குல்லாய் கட்டாயம்.

மழைக்கால்:

மிருகங்கள் பற்றி யாராவது சொல்லுங்களேன். நான் போனபோது மலை அணிலும் கருமந்தியும் மட்டும்தான் பார்த்தேன். முப்பது பேர் பேசிக்கொண்டே போனால் வேறு என்ன தெரியும்.

கொட்டக்குடியான்:

அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன்.

இந்த வழியில் மனிதனுக்கு அடிக்கடி எதிர்ப்படுவது காட்டுமாடு. எருமை என்று எழுதுகிறார்கள், அது மாட்டு இனம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். மந்தையாக இருந்தால் பெரும்பாலும் அதுவே ஒதுங்கிவிடும். தனியாக நிற்கும் கிழட்டுக் காளையிடம்தான் கவனம் வேண்டும். மூக்கைச் சீறினால் நின்றுவிடுங்கள். ஓடக்கூடாது, கைதட்டக்கூடாது, படம் எடுக்கக் கிட்டே போகக்கூடாது. அதன் வழியை விட்டு மெதுவாகப் பின்னால் வந்துவிட்டால் முடிந்தது. கரடியும் உண்டு. அந்தி, விடியல் இருட்டில் நடக்காமல் இருந்தால் அதன் தொல்லை குறைவு. அப்பத்தா காலத்தில் விடியுமுன் கிளம்பினார்கள் என்றால் கூட்டமாக, தீப்பந்தத்தோடு போயிருப்பார்கள். நீங்கள் நன்றாக வெளிச்சம் வந்தபின் காலெடுத்து வையுங்கள்.

யானைக்கு ஒரே விதி: வழிகாட்டி நில் என்றால் நிற்பது, திரும்பு என்றால் திரும்புவது. காசு கட்டிவிட்டோமே என்று அவரிடம் வாதாடாதீர்கள். அவர் முகர்ந்து பார்த்தே யானை போன வழியைச் சொல்வார். இந்த மலையின் பழங்குடிகளான முதுவர் குடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காடு வீட்டு முற்றம். அவர்கள் பாதையில் குனிந்து எதையாவது பார்த்தால் நீங்களும் குனிந்து பாருங்கள். சாணம், கீறல், புரட்டிப் போட்ட கல், எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. என் தாத்தாவுக்குக் காடு கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான்.

சோலைமந்தி:

வரையாட்டை விட்டுவிட்டீர்களே அண்ணே!

நம் மாநில விலங்கு, உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதது. 2023-இல் அதற்கென்றே தமிழ்நாடு ஒரு திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பிள்ளைகள் அதிகம். புல்வெளியும் செங்குத்துப் பாறையும் ஒட்டி இருக்கும் இடத்தில்தான் வாழும். புல்லில் மேய்ந்துவிட்டு ஆபத்து என்றால் பாறைக்குத் தாவிவிடும். முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல் ஒரு திட்டு இருக்கும். குட்டி போடுவதும் ஜனவரி தொடங்கித்தான். அதனால் மேலே பாறை விளிம்புக்குப் போனால் சத்தம் போடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். தூரத்துப் பாறையில் ஒரு கல் நகர்ந்தால் அது கல் இல்லை. ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் அப்பா கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

மழை மாதத்தில் போகிறவர்களுக்கு மட்டும்: ஓடைப் பக்கம் யாரோ பையன் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் கேட்கும். அது சீகாரப் பூங்குருவி.

ஏலத்தோட்டம்:

நான் அப்பாவின் முழங்காலைப் பற்றி எழுத வந்தேன், யாருமே அதைத் தொடவில்லை.

மாடப்புறா, முழுப் பாதையையும் ஒரே நாளில் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் போடி. என் மாமனார் 70 வயதில் சென்ட்ரல் வரை ஏறி இறங்கினார், அதோடு நிறுத்திக்கொண்டார். டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கும் மேலே. அடிவாரத்திலிருந்து அவ்வளவும் ஏற்றம்தான், நடுவில் சமதளம் கொஞ்சம்தான். சர்க்கரை உள்ளவர் ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து ஏறுவது வேறு, பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடப்பது வேறு. டாக்டரிடம் கேட்டு, மாத்திரை நேரத்தையும் அளவையும் அன்றைக்கு எப்படி வைத்துக்கொள்வது என்று தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் வெல்லமோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். உங்கள் பையில் இல்லை, அவர் பையில்.

ஷூ புதிதாக வாங்கினால் ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகட்டும். சர்க்கரைக் காலில் கொப்புளம் வரவே கூடாது. இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும், இரண்டு கையிலும் கம்பு இருந்தால் பாரத்தில் கொஞ்சம் கைக்குப் போய்விடும்.

என் திட்டம் இது. முதல் நாள் போடியில் தங்கி, அடுத்த நாள் காலை குரங்கணி, ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அனுமதியும் வழிகாட்டியும் முன்கூட்டியே ஏற்பாடாக இருக்கட்டும். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் பதிவு செய்யும்படி திறந்தது, குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. நீங்கள் கேட்கும் பழைய பாதைக்கு, எதுவரை விடுகிறார்கள் என்பதைத் தேனி வனத்துறையிடம் பேசித் தேதியோடு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். அனுமதி உள்ள தூரம் வரை ஏறி, அப்பா போதும் என்றதும் இறங்கிவிடுங்கள். மறுநாள் போடிமெட்டு வழியாக மூணாறு போய், அங்கிருந்து பஸ்ஸில் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். பாதையின் கீழ் முனையையும் பார்த்தாயிற்று, மேல் முனையையும் பார்த்தாயிற்று.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு 2023 ஜூனிலிருந்து போடி வரையே ரயில் இருக்கிறது.

நெடுவழி:

எனக்கு ஏலத்தோட்டம் அக்கா சொல்வதில் கொஞ்சம் வருத்தம். பாதை என்றால் நடந்து முடிப்பதுதானே. பஸ்ஸில் போய் மேல் முனையைப் பார்ப்பது எப்படி அதே பாதையாகும்? அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால், பொழுதோடு கிளம்பி, நின்று நின்று ஏறலாம். மேலே தங்கிவிட்டால் இறக்கமே இல்லை.

ஏலத்தோட்டம்:

தம்பி, நடுவழியில் சர்க்கரை இறங்கி மயங்கினால் ஆளைத் தூக்கி வருவது யார் தெரியுமா? அதே வழிகாட்டியும் அதே ஊர்க்காரர்களும்தான். 2018-இலும் அவர்கள்தான் தூக்கினார்கள். எல்லா இடத்திலும் போனில் சிக்னலும் கிடைக்காது. முழுவதும் நடந்தோம் என்று சொல்வதற்காக அந்தப் பாரத்தை இன்னொருவர் தோளில் வைக்கக்கூடாது.

நெடுவழி:

சரி அக்கா. நீங்கள் சொல்வதுதான் முறை. என் ஆசையை அவர்கள் அப்பா மேல் ஏற்றிவிட்டேன்.

மழைக்கால்:

ஒரு சந்தேகம். என்னிடம் 2017 நடையின் ஜிபிஎஸ் தடம் இருக்கிறது. இங்கே போட்டால் உதவியாக இருக்குமா?

கொட்டக்குடியான்:

வேண்டாம் தம்பி. தடம் கையில் இருந்தால் வழிகாட்டி எதற்கு என்று நான்கு பேர் தனியாகக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் 2030-இல் இந்தச் சரிவு நீலமாகும்போது வருகிற கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதே கவலை. குறிஞ்சி பூத்த 2018-இல் மூணாறில் ஆகஸ்ட் மழையும் வெள்ளமும் பூவைக் கெடுத்தன, அதனால் கூட்டமும் குறைந்தது. அடுத்த முறை அப்படி இருக்காது. தடத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கால்:

சரி அண்ணே, போடவில்லை.

மாடப்புறா:

போய் வந்துவிட்டோம். தை இருபதாம் தேதி வாக்கில், மூன்று நாள்.

அனுமதி கிடைத்த தூரம் வரை, வழிகாட்டி அண்ணன் ஒருவரோடு நாங்கள் நான்கு பேர். அம்மாவும் வந்துவிட்டார்! கொட்டக்குடியான் அண்ணன் எழுதியதை அச்சடித்துப் பையில் வைத்திருந்தார். மாந்தோப்பைத் தாண்டும்வரை மாம்பூ வாசம், சோலைமந்தி சொன்னதுபோலவே. முள்ளிலவு மரத்தடியில் பாதையே தெரியாதபடி சிவப்புப் பூ உதிர்ந்து கிடந்தது. கனமான பூ, விழும்போது 'தொப்' என்று சத்தம் வருகிறது. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டார்.

காட்டுமாடு பார்க்கவில்லை. காலையில் போன சாணம் பார்த்தோம், இன்னும் ஈரமாக இருந்தது. பொதி சுமந்து இறங்கிய குதிரைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். கருமந்திக் கூட்டம் ஒன்று பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து அடித்தொண்டையில் கூப்பிட்டது. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இரண்டு முறை. கம்பு இல்லாவிட்டால் இறங்கியிருக்கவே முடியாது, ஏலத்தோட்டம் அக்காவுக்குத் தனி நன்றி.

சுமை இறக்கும் இடம் பற்றி வழிகாட்டி அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடுப்பு உயரத்தில் மேல்பக்கம் தட்டையாக இருந்த ஒரு பாறையைக் காட்டினார். "அந்தக் காலத்தில் இங்கேதான் மூட்டையை வைப்பார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். நீங்கள் சொல்லும் இடம் இதுதானா என்று எனக்குத் தெரியாது" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. தோள்பையைக் கழற்றி அந்தப் பாறைமேல் வைத்தார். போடிப் பக்கம் திரும்பி நின்றார். கீழே வெயிலில் ஊர் வெள்ளையாகத் தெரிந்தது. கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டார். அதற்கு மேல் ஏற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் டாப் ஸ்டேஷன். விளிம்பில் நின்று அந்தப் பாறை எங்கே என்று பைனாகுலரில் ரொம்ப நேரம் தேடினார். பாறை கிடைக்கவில்லை. வரையாடு கிடைத்தது, மூன்று, ஒன்று குட்டி. குறிஞ்சிப் புதரையும் பார்த்தோம். இலையைத் தடவிப் பார்த்து, "இதுவா அது" என்றார். 2030-இல் உங்களுக்கு 71 ஆகுமே அப்பா என்றேன். "பஸ்ஸில வரலாம்ல" என்றார்.

நெடுவழி:

அந்தப் பாறையின் படம் இருக்கிறதா? இடத்தைச் சொல்ல வேண்டாம், படம் மட்டும்.

மாடப்புறா:

எடுக்கவில்லை அண்ணா. அப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டக்குடியான்:

அடுத்த தடவை வந்தால் வீட்டுக்கு வாங்க தங்கச்சி. அப்பாவிடம் சொல்லுங்கள், என் அப்பத்தாவும் அதே வழியில் மிளகு மூட்டை சுமந்தவர்தான். அவருக்கும் இரண்டு கதை வைத்திருக்கிறேன்.